15 பேர் குழுவில் 16-வது பெயர்!

"ஏண்டி, உன் ஆப்புல ஸ்ரீ 20 வாரம் பணம் கட்டலன்னு காட்டுது. சரிதானா, வந்து பாரு!"

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணி இருக்கும். கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அம்மா மாடிப்படியில் நின்றபடி குரல் கொடுத்தார். நான் மேலே ஓடினேன்.

அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன். பெயர், அதன் கீழே '6 வாரம், 600 ரூபாய்' என்று இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் 26 வாரம், 2,600 ரூபாய்.

"நான் ஒரு வாரம்கூட விடாம கட்டினேன்க்கா" என்றார் ஸ்ரீ அக்கா, மெதுவாக.

பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "ஆப் சரியாத்தாம்மா சொல்லும். நீ போட்டதைக் கூட்டித்தானே காட்டுது. அதுக்குப் பொய் சொல்லவா தெரியும்?"

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியிருந்தால் என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஸ்ரீ அக்காவின் முழுப்பெயர் இங்கே வேண்டாம். பெயரின் கடைசியில் 'ஸ்ரீ' வரும், அவ்வளவு போதும். நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஓர் எழுத்துதான்.

நோட்டுக்குப் பதில் ஆப்

நான் இன்ஜினீயரிங் படித்தவள் இல்லை. படித்தது இதழியல் டிப்ளமோ. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. நாள் முழுக்க ஒரு செய்தி மொபைல் திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்ததில், 'நாமே ஓர் ஆப் செய்தால் என்ன?' என்று ஆசை வந்துவிட்டது. கூடுவாஞ்சேரியிலிருந்து ஏறுகிற மின்சார ரயிலில் லேப்டாப் பை இல்லாத தோளைப் பார்ப்பதே அபூர்வம். அந்தக் காற்று என்மீதும் அடித்திருக்கலாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை இலவசமாக இறக்கிக்கொண்டேன். கோட்லின் என்ற கணினி மொழியை இரவுகளில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டில் பொத்தேரிக்குப் படிக்கப் போகும் தம்பி இருந்தான்.

என்ன ஆப் செய்வது? கண் முன்னால் அம்மாவின் கணக்கு நோட்டுகள் இருந்தன.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. பிறகு 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பரவின. 12 முதல் 20 பேர் வரை ஒரு குழு. வாரம் ஒரு தொகை சேமிக்க வேண்டும். தேவைப்படும்போது அந்தப் பணத்திலிருந்தே உறுப்பினர்கள் கடன் எடுத்துக்கொள்ளலாம். படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால், இதற்குப் பின்னால் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்புக் என்று ஒரு பீரோ நிறைய எழுத்து வேலை இருக்கிறது. அம்மாதான் குழுவின் ஊக்குநர். ஞாயிறு இரவானால் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி வரை எழுதுவார்.

'இதை ஆப் ஆக்கித் தருகிறேன்' என்றேன். 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முதல் கூட்டத்தை ஆப்பில் பதிவு செய்தோம். பெயரை டைப் செய்ய வேண்டும், தொகையைப் போட வேண்டும், 'சேமி'யை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான்கைந்து வாரம் போனதும் நானே சொன்னேன்: "இனிமே பாஸ்புக் எதுக்கும்மா? எல்லாம்தான் ஆப்புல இருக்கே!"

எல்லோரும் பாஸ்புக் எழுதுவதை நிறுத்தினார்கள். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் முழுக்க வைத்தியம்

சொந்தமாக ஆப் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆப் எழுதுவதற்கு ஒரு மடங்கு நேரம் என்றால், அது ஏன் ஓடவில்லை என்று தேடுவதற்கு மூன்று மடங்கு நேரம்.

முதல் புகார் முதல் வாரமே வந்தது. "பாதி டைப் பண்ணிட்டுப் போனைச் சாய்ச்சா எல்லாம் அழிஞ்சு போகுதுடி." ஆண்ட்ராய்டில் போனைப் பக்கவாட்டில் திருப்பினால், பழைய திரையை அது அழித்துவிட்டுப் புதிய திரையைக் கட்டும். வழக்கமான நடைமுறையே அதுதான். திரையில் இருக்கும் விவரங்களைத் திரைக்கு வெளியே ஓர் இடத்தில் பத்திரப்படுத்தி வைப்பது நம் பொறுப்பு. நான் வைக்கவில்லை. ஆப் கற்றுக்கொள்ளும் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் கல் இது.

இரண்டாவது, ஆப் திடீரென்று மூடிக்கொண்டது. இதுவரை பணமே கட்டாத புதியவரின் கணக்கைத் திறந்தால் உடனே மூடிக்கொள்ளும். காரணம், 'நல்'. தமிழில் 'நல்' என்றால் நல்லது. கோடிங்கில் அது எமன். 'இங்கே ஒன்றுமே இல்லை' என்பதற்கு அந்தப் பெயர். இல்லாத ஒன்றிடம் போய் 'உன் கூட்டுத்தொகை என்ன?' என்று கேட்டால் ஆப் மயங்கி விழுந்துவிடும். 1965-ல் ஒரு கணினி மொழியில் இதை முதலில் புகுத்தியவர் டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் கணினி விஞ்ஞானி. 2009-ல் அவரே, 'நூறு கோடி டாலர் பெறுமான தவறைச் செய்துவிட்டேன்' என்று மேடையில் வருந்தினார். கோட்லின் இந்த விஷயத்தில் நல்ல மொழி. 'இங்கே நல் வரலாம், கவனம்' என்று முன்கூட்டியே எச்சரிக்கும். ஆனால், இரண்டு ஆச்சரியக்குறிகள் போட்டால் அதன் வாயை அடைத்துவிடலாம். நான் அடைத்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு பழக்கம் வந்தது. ஆப் விழுந்தால் லேப்டாப்பில் சிவப்பு நிறத்தில் ஐம்பது, அறுபது வரி கொட்டும். ஆரம்பத்தில் அதைப் பார்த்தாலே மூடிவிடுவேன். பக்கத்து வீட்டுத் தம்பிதான் சொன்னான்: "எல்லாத்தையும் படிக்காதீங்கக்கா. 'காஸ்டு பை'னு ஒரு வரி இருக்கும். அதுக்குக் கீழ உங்க ஃபைல் பேர் எங்க முதல்ல வருதோ, அங்க போய்ப் பாருங்க." அதன்பின் பாதிப் பிரச்னைகள் பத்து நிமிடத்தில் தீர்ந்தன.

மூன்றாவது, வேடிக்கையானது. 2024 டிசம்பர் 29-ம் தேதி கூட்டத்தின் பதிவு, 2025 டிசம்பர் 29 என்று காட்டியது. வரவே வராத தேதிக்குப் பணம் கட்டியிருந்தார்கள் பதினைந்து பேரும்! தேதியை எழுதும் கட்டளையில் ஆண்டுக்கு நான்கு சின்ன 'ஒய்' போட வேண்டும். நான் நான்கு பெரிய 'ஒய்' போட்டிருந்தேன். பெரிய 'ஒய்' என்றால் 'இந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் வருகிறதோ, அந்த ஆண்டு' என்று பொருள். டிசம்பர் 29 ஞாயிறில் தொடங்கும் வாரத்தில்தான் ஜனவரி 1 வருகிறது. ஆகவே அந்த வாரம் முழுவதையும் 2025-ல் சேர்த்துவிட்டது. ஆண்டு முழுக்கச் சரியாக ஓடிவிட்டு, கடைசி சில நாள்களில் மட்டும் முகம் காட்டும் தவறு இது. நான் டிசம்பரில் ஆப்பைத் தொடங்கியதால் உடனே மாட்டியது.

நான்காவது, இடைவெளி. போன் கீபோர்டில் பெயரின் பாதியை அடித்ததும் மேலே மீதி வரும். அதைத் தொட்டால் பெயரோடு சேர்ந்து ஒரு காலி இடமும் ஒட்டிக்கொள்ளும். நம் கண்ணுக்கு 'மாலா'வும் ஒன்றுதான், 'மாலா'வுக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருப்பதும் ஒன்றுதான். கணினிக்கு இருவரும் வேறு வேறு ஆள்கள். முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளிகளை வெட்டும் ஒரு கட்டளையைச் சேர்த்தேன். பிரச்னை தீர்ந்தது. 'இனி பெயரில் குழப்பம் வராது' என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதிதான் தப்பு. அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும், பெயரை வைத்து ஆளை அடையாளம் காண்பதே சரியா என்று.

செவ்வாய்க்கிழமை

ஜூன் 1 கூட்டத்தில் ஸ்ரீ அக்கா கேட்டது 8,000 ரூபாய் கடன். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்துக்குச் செவ்வாய்க்கிழமை கடைசி நாள். மீதியைப் புரட்டிவிட்டார். இந்த 8,000 மட்டும் குறைந்தது.

சேமிப்பில் பாக்கி வைத்தவர்களுக்குப் பாக்கி தீரும் வரை கடன் இல்லை. அம்மா போட்ட விதி இல்லை அது. குழு எல்லோருமாகச் சேர்ந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட விதி. அம்மாவுக்குச் சங்கடம். "ஒவ்வொரு வாரமும் குடுத்த மாதிரிதான் எனக்கும் ஞாபகம்..." என்று இழுத்தார். ஆனால் 20 வாரத்துக்கும் சத்தியம் பண்ண அவரால் முடியவில்லை. யாரோ ஒருவர், "மெஷின் சொல்லும்போது நாம என்ன பண்றது?" என்றார். ஸ்ரீ அக்காவின் கையில் பாஸ்புக் இருந்தது. ஆனால், டிசம்பருக்குப் பிறகு அதில் ஒரு வரியும் இல்லை. அதை எழுத வேண்டாம் என்று சொன்னவள் நான்.

அவர் சண்டை போடவில்லை. அன்றைய 100 ரூபாயை அம்மா கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பொருளாளர் அக்கா வீட்டிலிருந்து வங்கிப் பாஸ்புக்கை வாங்கி வந்தார். ஞாயிறு வசூலைத் திங்கள்கிழமையே வங்கியில் கட்டிவிடுவது அம்மாவின் வழக்கம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. 26 வாரமும் 1,500 கட்டியிருக்கேன். பதினஞ்சு பேரு, நூறு நூறு. ஸ்ரீ கட்டலன்னா 1,400 தானேடி வந்திருக்கணும்?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு கோடும் எழுதத் தெரியாத அம்மா, என் ஆப்பின் தவறை ஒரு பேனா முனையில் கண்டுபிடித்துவிட்டார். ஆப்பில் மொத்தம் எவ்வளவு என்று பார்த்தேன். 39,000. வங்கியிலும் 39,000. மொத்தம் சரி, தனித்தனியாகத்தான் தப்பு. அப்படியென்றால் பணம் எங்கும் போகவில்லை. ஆப்புக்குள்ளேயே எங்கோ ஒளிந்திருக்கிறது.

இரண்டு போன், இரண்டு பதில்

பிழை தேடுவதில் முதல் பாடம், அதைத் திரும்ப நடக்க வைப்பது. அம்மா போனில் இருந்த விவரங்களை அப்படியே என் போனுக்கு நகல் எடுத்தேன். ஸ்ரீ அக்காவின் பெயரை டைப் செய்தேன்.

'20 வாரம், 2,000 ரூபாய்.'

அம்மா போனில் அதே பெயர். '6 வாரம், 600 ரூபாய்.'

ஒரே ஆப், ஒரே விவரம், ஒரே பெயர். என் போனில் ஒரு பதில், அம்மா போனில் ஒரு பதில். இரண்டையும் கூட்டினால் 2,600. அக்கா ஒரு வாரமும் விடவில்லை என்பது அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை.

இரண்டாவது பாடம், என்ன மாறியது, எப்போது மாறியது என்று கேட்பது. 20 வாரம் என்றால் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 13 வரை. அதற்குப் பிறகு 6 வாரம். ஏப்ரல் நடுவில் என்ன நடந்தது? "தமிழ்ப் புத்தாண்டுக்குத்தானே புது போன் வாங்கிக் குடுத்தே?" என்றார் அம்மா. ஆமாம். பழைய போனில் இருந்த கீபோர்டு வேறு, புது போனில் இருந்த கீபோர்டு வேறு. என் போனில் இருந்தது, அம்மாவின் பழைய போனில் இருந்த அதே கீபோர்டு.

மூன்றாவது பாடம், கண்ணை நம்பாமல் அச்சிட்டுப் பார்ப்பது. 'எத்தனை தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன?' என்று ஆப்பைக் கேட்டேன். குழுவில் இருப்பவர்கள் 15 பேர். வந்த பதில் 16. பட்டியலில் ஸ்ரீ அக்காவின் பெயர் இரண்டு முறை இருந்தது. புள்ளி, கொம்பு எதிலும் வித்தியாசம் இல்லை. இடைவெளியும் இல்லை. இரண்டு பெயர்களையும் எழுத்தாக இல்லாமல் எண்ணாக அச்சிடச் சொன்னேன்.

அப்போது மணி நள்ளிரவு ஒன்று. முதல் பெயரின் கடைசி நான்கு எண்கள்: 3000, 3021, 2992, 3008. இரண்டாவது பெயரில்: 2998, 3021, 2992, 3008.

3000-த்துக்கும் 2998-க்கும் இடையில் மாட்டிக்கொண்டிருந்தது ஒரு பெண்ணின் 2,000 ரூபாய்.

ஓர் எழுத்து, இரண்டு வழி

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் யூனிகோடு. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. அதற்கு முன்னால், பின்னாலும் சில ஆண்டுகள், தமிழ்க் கணினி உலகம் திருவிழாக் கூட்டம் போலத்தான் இருந்தது. ஆளுக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித்தான் 'தமிழ்99' விசைப்பலகையே முறைப்படுத்தப்பட்டது. 2005-ல் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' சிங்கப்பூரில் அறிமுகமானது. கைப்பேசியில் தமிழில் டைப் செய்து அனுப்பலாம் என்பதே அன்றைக்கு அதிசயம்.

யூனிகோடில் 'ஸ்ரீ'க்குத் தனி எண் இல்லை. சில எழுத்துகளைச் சேர்த்துத்தான் உருவாக்க வேண்டும். முதலில், 'ஸ' என்ற எழுத்தில் தொடங்கி, புள்ளி, 'ர', ஈகாரக் குறி என்று நான்கையும் கோத்து எழுதினார்கள். அந்த 'ஸ'வின் எண்தான் 3000. ஆனால் வடமொழியில் இந்தச் சொல் தொடங்குவது வேறொரு சகரத்தில். அதற்கான 'ஶ' என்ற கிரந்த எழுத்து 2005-ல்தான் யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் சேர்ந்தது. அதன் எண் 2998. அதில் தொடங்கி எழுதுவதே சரியான முறை என்றும் ஆனது. ஆனால், அதற்குள் லட்சக்கணக்கான பக்கங்களில் பழைய முறை ஊறிவிட்டது. அதனால் எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டுகின்றன. சில கீபோர்டுகள் பழைய வழியில் போகின்றன, சில புதிய வழியில். யாருடைய தவறும் இல்லை. இரண்டு வழி இருக்கிறது என்று தெரியாமல் ஆப் எழுதியதுதான் தவறு.

இந்த ஓர் எழுத்தோடு விஷயம் முடியவில்லை. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என இரண்டு எண்களாகவும் வைக்கலாம். பார்க்க ஒன்றுதான். நல்லவேளையாக, இதைச் சீராக்கப் பல கணினி மொழிகளில் ஆயத்தக் கட்டளை உண்டு. ஆனால் 'கௌரி' என்ற பெயரை ஔகாரக் குறி போட்டும் எழுதுகிறார்கள். ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் 'ள' போட்டு 'கெளரி' என்றும் எழுதுகிறார்கள். இதையும் 'ஸ்ரீ'யையும் அந்தக் கட்டளை சரிசெய்யாது. நாமேதான் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

எண்ணிக்கையிலும் இதே கதைதான். 'கூடுவாஞ்சேரி'யில் எத்தனை எழுத்து? நமக்கு ஆறு. கணினிக்குப் பன்னிரண்டு. கூ என்பது 'க' ஒன்று, ஊகாரக் குறி ஒன்று. ஞ் என்பது 'ஞ' ஒன்று, புள்ளி ஒன்று. ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து போதும் என்று ஒரு புரோகிராமர் வரம்பு வைத்தால், நம் ஊர் 'கூடுவாஞ்சே'வோடு நின்றுவிடும்.

இது என்னைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வரும் சோதனையும் இல்லை. 2018 பிப்ரவரியில் தெலுங்கின் ஒரே ஒரு கூட்டெழுத்து மெசேஜில் வந்தால் ஐபோன்களில் ஆப்கள் செயலிழந்தன. அதைச் சரிசெய்ய ஆப்பிள் நிறுவனம் தனியாக ஓர் அப்டேட்டே வெளியிட்டது. நம் எழுத்துகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து உருமாறுபவை. ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதிய கோட், நம் பெயர்களைக் கண்டால் திணறும். சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

சரிசெய்தது

புதன்கிழமை காலை வேலைக்குப் போவதற்கு முன், அம்மாவும் நானும் ஸ்ரீ அக்கா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காதில் தோடு இல்லை. முந்தைய நாளே அடகு வைத்துக் கட்டணத்தைக் கட்டிவிட்டார்.

அம்மா எதுவும் பேசாமல் வங்கிப் பாஸ்புக்கைப் பிரித்துக் காட்டினார். நான் எண்களைச் சொல்லி விளக்க ஆரம்பித்தேன். அக்கா பாதியில் நிறுத்தி, "நான் கட்டினேன்னு தெரிஞ்சுடுச்சில்ல? அது போதும்" என்றார். பிறகு, "ஆனா அன்னைக்கு எல்லாரும் இருந்தாங்க" என்றார்.

அதனால் ஜூன் 8 ஞாயிறு, எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். அதே மாடியில் நின்று, "தப்பு ஆப்புல. ஆப்பை எழுதினது நான். அக்கா 26 வாரமும் கட்டியிருக்காங்க. அன்னைக்கு நான் 'ஆப் சரியாத்தான் சொல்லும்'னு சொன்னதும் தப்பு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. அன்றே தீர்மானம் எழுதி 8,000 ரூபாய் கடன் கொடுத்தார்கள். மறுநாள் தோடு திரும்பி வந்தது. அடகுக் கடை வட்டியை நான் கொடுத்தேன். அக்கா வேண்டாம் என்றார். அம்மா, "வாங்கிக்கோ ஸ்ரீ. அவ கத்துக்கணும்" என்றார்.

பிறகு ஆப்பைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். 3000-ஐ 2998 ஆக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் ஸ்ரீ அக்காவின் கணக்கு சரியாகிவிடும். சேர்த்தேன். ஆனால் அதோடு நின்றால் நாளைக்கு ஒரு கௌரி வந்து மாட்டுவார். வேரில் இருந்த தவறு, பெயரையே ஆளாக நினைத்தது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்ஷியல் மாறிய இன்னொரு பெயர் என்று அலையாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? அது தெரிந்தும் அதே தவறைத்தான் நானும் செய்திருந்தேன். இப்போது ஒவ்வொருவருக்கும் ஓர் உறுப்பினர் எண். அம்மா பெயரை டைப் செய்வதே இல்லை. பட்டியலில் இருக்கும் பெயரைத் தொட்டால் போதும். பட்டியலின் மேலே 'மொத்தம் 15 பேர்' என்று எப்போதும் தெரியும். 16 என்று காட்டினால் சிறு குழந்தைக்கும் தெரியும், எங்கோ தவறு என்று.

இன்னொரு பழக்கமும் வந்தது. கோட் எழுதி முடித்ததும் அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொரு படியாக விளக்கிச் சொல்கிறேன். 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்ற 1999-ம் ஆண்டுப் புத்தகத்தில் இதே யோசனையைச் சொல்லியிருக்கிறார்கள். மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதனிடம் கோடை வரி வரியாக விளக்கினால், சொல்லும்போதே தவறு தெரிந்துவிடுமாம். எங்கள் வீட்டு வாத்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்கும். நடுவில் குறுக்குக் கேள்வியும் கேட்கும். "போன் தொலைஞ்சு போச்சுன்னா?" என்று போன வாரம் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது வாரம் ஒரு முறை நகல் எடுத்து வேறிடத்தில் சேமிக்கும் வசதியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

முக்கியமான திருத்தத்துக்குக் கோட் தேவைப்படவில்லை. பீரோவிலிருந்து பதினைந்து பாஸ்புக்குகளும் வெளியே வந்துவிட்டன. ஆப்பில் பதிவு செய்த கையோடு அம்மா பாஸ்புக்கிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். இரண்டு வேலைதான். ஆனால் நாளைக்குத் திரை ஒன்று சொல்லி, மனிதர் வேறொன்று சொன்னால், அவர் கையில் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கும்.

புதிய ஆப்பை அம்மா போனில் ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீ அக்கா போனைக் கேட்டார். "தேடுற இடத்துல என் பேரை நானே ஒருதடவை அடிச்சுப் பார்க்கட்டுமா?"

கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல், போனைச் சற்று தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கடைசியில் அந்த எழுத்து வந்தது. வாரமும் தொகையும் வந்தன. தன் பாஸ்புக்கைப் பிரித்து, திரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார். காதில் தோடு மின்னியது.